எண்ணும் எண்ணமும்

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் வெளித் திண்ணையில் அமர்ந்திருந்தேன். டோல்கேட் பக்கம் லாரிகளில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை செய்யும் சகோதரர் ஒருவர் வந்து எதிரே நின்றார். கையில் மடித்த தாள் ஒன்று. அன்று காலை அவர் குடியிருக்கும் தெருவுக்கு அருகில் ஒரு மருத்துவ முகாம் நடந்திருக்கிறது. வண்டிக்குள்ளேயே மார்பை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். படத்தை மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே கணிப்பொறி பார்த்து ஓர் எண்ணைச் சொல்லிவிட்டது. அந்த எண்ணின் காரணமாக, சளிப் பரிசோதனைக்கு வரும்படி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"ஹஜ்ரத், எனக்கு டீபின்னு மெஷின் சொல்லிடுச்சு. மெஷின் பொய் சொல்லுமா?" என்று கேட்டார். சற்று நேரம் கழித்து, "பொண்ணுக்கு நிக்காஹ் பேசிக்கிட்டிருக்கோம். இது வெளிய தெரிஞ்சா சம்பந்தம் நின்னுடும். நான் அந்த டெஸ்ட்டுக்குப் போகல. நீங்க துஆ மட்டும் செய்ங்க" என்றார்.

துஆச் செய்வதில் எனக்கென்ன தடை? ஆனால் அவருடைய முதல் கேள்வி என்னை விடவில்லை. மருத்துவம் பற்றிய கேள்வி போலத் தோன்றினும், மதரஸாவின் உஸூலுல் ஃபிக்ஹு வகுப்பில் ஆண்டுதோறும் நான் மாணவர்களுக்கு விளக்கிவரும் கேள்விதான் அது. ஒரு செய்தி எந்த அளவுக்கு உறுதிப்பட்டால் அதன்மீது நாம் செயல்படலாம்? முழு உறுதி கிட்டும்வரை காத்திருக்க வேண்டுமா? உறுதியல்லாத ஒன்றின்மீது செயல்படுவது எப்போது கடமையாகிறது, எப்போது பாவமாகிறது?

நம் தமிழில் எண் என்றால் இலக்கம். எண்ணம் என்றால் கருத்து. எண்ணுதல் என்னும் ஒரே வினை கணக்கிடுதலையும் நினைத்தலையும் குறிக்கிறது. அரபி மொழியிலும் இவ்வாறே அமைந்திருப்பதை மாணவர்களுக்குக் காட்டுவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. 'ஹஸப' என்றால் கணக்கிட்டான்; அதே மூலத்தில் பிறந்த 'ஹஸிப' என்றால் கருதினான். கணக்கும் கருத்தும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதை இரு மொழிகளும் தனித்தனியே கண்டுகொண்டிருக்கின்றன.

உஸூல் அறிஞர்கள் மனத்தின் நிலைகளை நான்காகப் பிரிப்பர். ஐயத்துக்கு இடமே இல்லாதது யகீன். இரு பக்கமும் சமமாக நிற்பது ஷக்கு. ஒரு பக்கம் சாய்ந்தால் சாய்ந்த பக்கம் ளன்னு. தோற்ற பக்கம் வஹ்மு. அந்த ளன்னு நன்கு வலுத்துவிட்டால் அதனைக் கலபத்துள் ளன்னு, அதாவது மிகைத்த எண்ணம் என்பர். இது ஏட்டில் கிடக்கும் பாகுபாடு அன்று. அறியாத ஊரில் கிப்லாவைத் தேடித் தொழுகிறவர் எண்ணத்தின்மீதே தொழுகிறார். தண்ணீர் பட்டால் நோய் மிகும் என்று அஞ்சித் தயம்மும் செய்கிறவரும், ரமலானில் நோன்பை விடும் நோயாளியும் நம்பத்தக்க மருத்துவரின் சொல்லையோ, தம் அனுபவத்தையோ, வெளிப்படையான அறிகுறியையோ கொண்டே செயல்படுகின்றனர். அவர்களிடம் யகீனைக் கேட்டால் எவருக்கும் சலுகை கிட்டாது. அல்லாஹ் நம்மீது அத்தகைய சுமையை ஏற்றவில்லை.

ஆக, மெஷின் பொய் சொல்லுமா என்ற கேள்விக்கு விடை இதுதான்: மெஷின் மெய்யும் சொல்லவில்லை, பொய்யும் சொல்லவில்லை, ஒரு ளன்னைச் சொல்லியிருக்கிறது. அந்த ளன்னின் எடை எவ்வளவு என்பதே நாம் பார்க்க வேண்டியது.

இந்த எடையை அளக்கும் வழியைக் கண்டவர் ஒரு கிறிஸ்தவப் போதகர். இங்கிலாந்தைச் சேர்ந்த தாமஸ் பேயிஸ் என்பார் எழுதிவைத்திருந்த கட்டுரை, அவர் இறந்தபின், 1763-இல் ரிச்சர்டு பிரைஸ் என்னும் நண்பரால் வெளியிடப்பட்டது. முன்னரே நம்மிடம் உள்ள எண்ணம், புதிய சான்று ஒன்று வந்ததும் எந்த அளவு மாறவேண்டும் என்பதே அக்கணக்கின் சாரம். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1959-இல், அமெரிக்காவின் ராபர்ட் லெட்லி, லீ லஸ்டட் என்னும் இருவர், மருத்துவர் நோயறியும்போது மனத்துக்குள் செய்யும் வேலை இந்தக் கணக்கே என்றும், அதைத் தாளில் எழுதலாம், கணிப்பொறிக்கும் கற்பிக்கலாம் என்றும் ஒரு கட்டுரை எழுதினர். அந்தச் சகோதரரின் கையிலிருந்த தாளுக்குப் பாட்டன் அந்தக் கட்டுரைதான்.

கணக்கென்றதும் அஞ்ச வேண்டாம். பராயிளு பங்கு பிரிக்கத் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த அல் குவாரிஸ்மி அவர்கள் அந்த நூலில் பெரும்பகுதியை மரண சாசனப் பங்கீட்டுக்கே ஒதுக்கியிருந்தார்கள் அல்லவா!

முதலில் சலித்தெடுக்கும் காசநோய்ச் சோதனை எதுவாயினும், நோயுள்ள 100 பேரில் குறைந்தது 90 பேரைப் பிடிக்க வேண்டும், நோயில்லாத 100 பேரில் குறைந்தது 70 பேரையேனும் தொல்லையின்றி விட்டுவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த குறைந்தபட்ச அளவு. கணிப்பொறியைக் கொண்டு மார்பு எக்ஸ்ரே படத்தைப் படிப்பதை, 15 வயது நிரம்பியோரிடத்தில், அந்நிறுவனம் 2021-இல் ஏற்றுப் பரிந்துரைத்தது. இப்போது ஒரு தெருவில் 1000 பேரைச் சோதிக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்வோம். இது என் கற்பனை எண். எந்தத் தெருவின் கணக்கும் அன்று. பத்துப் பேரில் 9 பேரை மெஷின் பிடிக்கும். நோயில்லாத 990 பேரில் நூற்றுக்கு 30 வீதம் 297 பேரையும் தவறாகப் பிடிக்கும். பிடிபட்டவர் மொத்தம் 306. அவர்களில் உண்மையாகவே நோயுள்ளவர் 9 பேர். நூற்றுக்கு மூன்றுதான்!

அதே மெஷினை மருத்துவமனை வாசலில், வாரக்கணக்கில் இருமிக்கொண்டு வந்து நிற்கும் 1000 பேரிடம் வையுங்கள். அவர்களில் 200 பேருக்கு நோய் இருப்பதாகக் கொள்ளுங்கள். 180 பேரைச் சரியாகவும் 240 பேரைத் தவறாகவும் பிடிக்கும். பிடிபட்ட 420 பேரில் 180 பேர் நோயாளிகள். நூற்றுக்கு 43 ஆகிவிட்டது. மெஷினும் அதே, தாளில் அச்சான எண்ணும் அதே. பொருள் மட்டும் மாறிவிட்டது. எனவே எண்ணை மட்டும் பார்த்து எவரும் தீர்ப்புக் கூற இயலாது. வந்தவர் எந்தக் கூட்டத்திலிருந்து வந்தார், எத்தனை நாளாய் இருமுகிறார், எடை குறைந்ததா, மாலையில் காய்ச்சல் வருகிறதா என்று கேட்டாக வேண்டும்.

இதை நான் அந்தத் திண்ணையிலேயே தாளின் பின்புறம் எழுதிக் காட்டினேன். அவர் 9 என்ற எண்ணையும் 306 என்ற எண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் சற்றுத் தெளிந்தது. "அப்ப எனக்கு இல்லைன்னு வெச்சிக்கலாமா ஹஜ்ரத்?" என்றார். அவ்வாறும் வைத்துக்கொள்ள முடியாது. மூன்று வாரமாக இருமுகிறவர் அவர். அந்த 9 பேரில் ஒருவராக அவர் இருந்தால் அவருக்கு நூறு வீதம் நோய். கூட்டத்துக்குப் பொருந்தும் பின்னம் தனி மனிதனுக்குப் பொருந்துவதில்லை. அவனுக்கு நோய் இருக்கிறது, அல்லது இல்லை.

இங்கே ஒரு சங்கடமான ஐயம் எழுகிறது. வந்தவர் எங்கிருந்து வந்தார் என்பது கணக்கில் சேருமானால், டோல்கேட் என்ற முகவரியும் நோய்க்குச் சான்றாகிவிடுமே? ஒரே இருமலை வேறோர் ஊரில் ஜலதோஷம் என்றும், இங்கே காசம் என்றும் எண்ணுவது நீதியா? துறைமுகத்துக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் ஊர் இது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நீதிமன்ற ஆணையால் 2011-இல் நின்றது. எனினும் எண்ணூர்ப் பக்கம் நிலக்கரியும் அனல் மின் நிலையங்களும் இருந்துகொண்டுதான் இருக்கின்றன. 2023 டிசம்பரில் எண்ணெய்க் கசிவையும் அம்மோனியா வாயுக் கசிவையும் ஒரே மாதத்தில் கண்டது எண்ணூர். இங்கே இருமுவதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. புழுதியால் இருமுகிறவனைக் காசநோயாளி என்று எண்ணிவிடலாம். அதைவிடக் கொடியது, காசநோயாளியின் இருமலைப் புழுதி என்று அவனே தள்ளிவிடுவது.

எண்ணங்களில் பலவற்றைத் தவிர்க்குமாறும், அவற்றுள் சில பாவமாகும் என்றும் திருமறை 49-ஆம் அத்தியாயத்தில் எச்சரிக்கிறது. எல்லா எண்ணமும் பாவம் என்று அது கூறவில்லை என்பதை விரிவுரையாளர்கள் சுட்டிக்காட்டுவர். எனில் எது பாவம்? ஒருவனுடைய தெருவைக் கருதி, "இவனையும் ஒருமுறை சோதித்துப் பார்ப்போம்" என்று மருத்துவர் எண்ணினால், அந்த எண்ணம் அவனுக்குக் கதவைத் திறக்கிறது. அதே தெருவைக் கருதி வேலை தர மறுத்தால், பெண் எடுக்க மறுத்தால், அது கதவை அடைக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே எண்தான். எண்ணத்தைச் சோதித்துத் தெளிய முயல்பவனுடைய ளன்னு வேறு. சோதிக்காமலே தீர்ப்பாக்கிக் கொள்பவனுடைய ளன்னு வேறு. என் எதிரே நின்றவர் அஞ்சியது நோய்க்கு அன்று, நம் சமூகத்தின் தீய எண்ணத்துக்கு. இதில் நாம் மெஷினைக் குறைகூற இடமில்லை.

எண் எப்போதும் ஏழைக்கு எதிராகவே நிற்கும் என்றும் கருதவேண்டாம். லெட்லியும் லஸ்டடும் கட்டுரை எழுதிய அதே 1959-இல் நம் சென்னையிலிருந்து ஒரு கணக்கு உலகத்துக்குப் போயிற்று. 1956-இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினருக்குச் சானட்டோரியத்தில் படுக்கையும் நல்லுணவும். மறு பிரிவினருக்கு நெரிசலான தத்தம் வீட்டிலேயே மருந்து. ஏழை வீட்டில் காசநோய் குணமாகாது, குடும்பமே நோய்க்கு இரையாகும் என்பதே அன்று உலகெங்கும் மருத்துவர்களின் எண்ணம். ஓராண்டு முடிவில் எண்ணிப் பார்த்தபோது இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தனர். வீட்டிலிருந்தவரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. ஏழையின் வீட்டைப் பற்றிய ஒரு தீய எண்ணத்தை எண் உடைத்த வரலாறு இது. குலுக்கலும் நமக்குப் புதிதன்று. பயணத்தில் உடன் வரும் மனைவியைத் தேர்வதற்குப் பெருமானார் (ஸல்) அவர்கள் சீட்டுப் போட்டதை ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் இரத்தம் வடித்து வேறுபாடு கண்டதை ஹகீம் அர்ராஸியும் தம் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார்.

இனி, மெஷினுக்கும் மருத்துவருக்கும் போட்டி வைத்தால் எவர் வெல்வார் என்று இளைஞர்கள் கேட்கின்றனர். அந்தப் போட்டி எப்போதோ நடந்துவிட்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பல் என்னும் மருத்துவர், கடும் வயிற்றுவலியோடு வந்த 304 பேரைக் கொண்டு செய்த சோதனையை 1972-இல் வெளியிட்டார். பேயிஸ் கணக்கைச் செய்த கணிப்பொறி நூற்றுக்கு 91.8 பேருக்குச் சரியாகச் சொல்லிற்று. மூத்த மருத்துவர் 79.6 பேருக்குச் சரியாகச் சொன்னார். பத்திரிகைகளுக்கு இந்தச் செய்தி போதுமானது. எனக்கோ பின்னர் நடந்தவையே பெரிதாகப்படுகின்றன. லீட்ஸ் நகரத்து எண்களோடு அந்தக் கணக்கை டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குக் கொண்டுசென்றபோது அதன் துல்லியம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓர் ஊரின் வழக்கை மறு ஊருக்குத் தீர்ப்பாக்கக் கூடாது என்று ஃபிக்ஹில் நாம் படிப்பதை இது நினைவூட்டுகிறது. இன்னொன்று: சோதனை நடந்த காலத்தில் மனித மருத்துவர்களும் முன்னைவிடத் திறமையாக நோயறிந்தனர். கணிப்பொறிக்குத் தருவதற்காக ஒவ்வொரு நோயாளியிடமும் எல்லாக் கேள்விகளையும் விடாமல் கேட்டு நிரப்ப வேண்டியிருந்ததல்லவா? சோதனை நின்றது, அவர்களுடைய திறமையும் பழைய நிலைக்கு இறங்கிற்று. மெஷின் தந்த விடையைக் காட்டிலும், மெஷினுக்காகக் கேட்ட கேள்வி நோயாளிக்குப் பயன்பட்டிருக்கிறது.

தவறினால் பொறுப்பு யாருடையது? தகுதியோடு முயன்று தவறிய முஜ்தஹிதுக்கும் ஒரு நற்கூலி உண்டு என்பது நாம் அறிந்ததே. மருத்துவம் அறியாமலே மருத்துவம் செய்தவன் விளைவுக்கு ஈடு செலுத்த வேண்டியவன் என்பதும் ஹதீஸில் வந்துள்ளது. மெஷின் இந்த இரண்டில் எதிலும் அடங்காது. அதற்குக் கூலியும் இல்லை, ஈடும் இல்லை. சாட்சிக் கூண்டில் அதனை நிறுத்த இயலாது. ஆனால் அதன் பின்னே ஒரு மனிதர் இருக்கிறார். எந்த எண்ணுக்கு மேல் போனால் "வா" என்றும், எதற்குக் கீழ் இருந்தால் "போ" என்றும் சொல்லவேண்டும் என எல்லையை வைத்தவர் அவர். அந்த எல்லையைத் தாழ்த்தினால் நோயில்லாதவர் பலர் அலைவர். உயர்த்தினால் நோயாளிகள் சிலர் தப்பிப் போய் மடிவர். எத்தனை பேர் அலைவதற்கு ஒருவரின் உயிர் ஈடாகும் என்று எந்தக் கணிதமும் சொல்லாது. அது அறத்தின் வேலை. கணிதத்தின் போர்வைக்குள் அது ஒளிந்திருப்பதால் எவரும் தட்டிக் கேட்பதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மருத்துவத்தையும் கணக்கையும் பர்ளு கிஃபாயா என்னும் கூட்டுக் கடமைகளுக்கு எடுத்துக்காட்டுகளாக வைத்துள்ளார்கள். மருத்துவத்துக்கு ஆளில்லாத ஊரில் எல்லாரும் சட்டம் படிக்க ஓடுகிறார்களே என்றும் கடிந்துகொள்கிறார்கள். மதரஸாவில் முப்பதாண்டுகள் கழித்த எனக்கும் அந்தக் கடிதல் சேரும்.

இனி எனக்கே கடினமாயிருந்த ஒரு பகுதிக்கு வருகிறேன். சென்னையை அடுத்த அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் உள்ளது. அதன் அறிஞர்களின் துணையோடு தமிழக அரசு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' என ஒன்றைத் தொடங்கிற்று. காசநோய் உறுதியானவரிடம் சுகாதாரப் பணியாளர் சில எளிய அளவுகளைப் பார்க்கிறார்: உயரத்துக்கேற்ற எடை உண்டா, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா. இவற்றைக் கொண்டு, இவர் இறந்துபோகும் வாய்ப்பு எவ்வளவு என்பதைக் கணித்துச் சொல்லும் முறை 2025-இல் இத்திட்டத்தோடு இணைக்கப்பட்டது. நோய் கடுமையாக உள்ளவருக்கு அது நூற்றுக்கு 10 முதல் 50 வரை வரும். மற்றவருக்கு 1 முதல் 4 வரை.

இறக்கும் வாய்ப்பைக் கணிப்பதா! மரணத்தின் நேரமும் இடமும் அல்லாஹ் ஒருவனே அறிந்த மறைவான செய்திகள் அல்லவா? இது குறி சொல்பவனின் தொழிலாகாதா? முதலில் கேள்விப்பட்டபோது எனக்கும் நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. பின்னர் எண்ணிப் பார்த்தேன். குறி சொல்பவன் தன் வாக்குப் பலிக்க வேண்டும் என்று விரும்புகிறான். பலித்தால்தான் அவனுக்குப் பிழைப்பு. இந்தக் கணக்கைச் செய்தவரோ அது பலிக்கக் கூடாது என்பதற்காகவே அதைச் சொல்கிறார். ஐம்பது என்று வந்தவரை அன்றே படுக்கையில் சேர்த்து, உணவும் மூச்சும் கொடுத்து, அந்த ஐம்பதைப் பொய்யாக்கிவிடுவதே அவருடைய நோக்கம். ஷாம் நாட்டை அம்வாஸ் கொள்ளைநோய் பீடித்திருந்தபோது, எல்லையிலிருந்து திரும்பிய கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம், இறைவிதியைக் கண்டு ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டது. ஒரு விதியிலிருந்து அல்லாஹ்வின் மற்றொரு விதிக்கே செல்வதாகத்தான் அவர்கள் மறுமொழி தந்தார்கள். மறைவானதை அறிந்ததாக அவர்கள் உரிமை கொண்டாடவில்லை. வந்த செய்தியை எடைபோட்டார்கள்.

ஆயினும் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. ஒரு மருத்துவமனையில் ஒரே கட்டில் காலியாக இருந்து, இருவர் வந்து, ஒருவருக்கு 40 என்றும் மற்றவருக்கு 45 என்றும் எண் வந்தால் என் செய்வது? இதற்கு என்னிடம் விடையில்லை. அந்த நிலையில் நிற்கும் மருத்துவருக்காக என்னால் துஆத்தான் செய்ய முடியும்.

அந்த இரவு, இந்த அளவுகளைப் பற்றியும் அந்தச் சகோதரரிடம் சொன்னேன். பயப்படும்படி ஒன்றுமில்லை, உங்களால் நிற்க முடிகிறது, நடக்க முடிகிறது, நாளை போய்ச் சளியைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று தேற்றவே அதைச் சொன்னேன். பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்ற கேள்வியைக் கேட்டதும் அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"எங்க அம்மாவால நிக்க முடியல ஹஜ்ரத்" என்றார். "ரெண்டு மாசமா இருமல். வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம். முகாமுக்குக் கூட்டிட்டுப் போகல. மாடிப்படி இறங்க முடியாதே."

நான் திண்ணையில் எழுதிக் காட்டிய ஆயிரம் பேரில் அந்த அம்மையார் இல்லை. வண்டிவரை நடந்து வந்தவர்களை மட்டுமே மெஷின் எண்ணியிருந்தது. நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

மறுநாள் சுப்ஹுத் தொழுகைக்குப் பின் நானும் அவருமாக நாற்காலியோடு அந்த அம்மையாரை மாடியிலிருந்து இறக்கினோம். எடை ஒன்றுமே இல்லை. ஆட்டோக்காரர் அரசு மருத்துவமனைக்கு வண்டியைத் திருப்பும்போது, மகன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தாள் அங்கேதான் இருந்தது.